எண் முதலில், படம் பிறகு

ஒரு படத்தைக் கொம்பியூட்டரில் திறந்து, அதில் ஒரு இருண்ட புள்ளியைக் காட்டி "இது எவ்வளவு கறுப்பு?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "நல்ல கறுப்பு" என்பீர்கள். கொம்பியூட்டருக்குக் கறுப்பும் தெரியாது, வெள்ளையும் தெரியாது. அதனிடம் இருப்பது ஒரு எண். அந்த எண்ணும் திரையில் நாம் பார்க்கும் நிறமும் எப்போதும் ஒன்றல்ல. இந்த இடைவெளிக்கு 60 வருடங்களுக்கு மேலான வரலாறு உண்டு.

1957இல் அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணயப் பணியகத்தில் வேலை செய்த ரஸல் கேர்ஷ் என்பவர், ஒரு புகைப்படத்தைக் கொம்பியூட்டருக்குள் கொண்டுபோக விரும்பினார். அந்தக் கொம்பியூட்டரின் பெயர் சீயாக். கேர்ஷும் அவருடைய குழுவும் ஒரு சுழலும் உருளையைச் செய்து, அதில் புகைப்படத்தைச் சுற்றி, ஒளியை அளக்கும் கருவியால் புள்ளி புள்ளியாக வாசித்தார்கள். அவர் தெரிந்தெடுத்த படம், மூன்று மாதக் குழந்தையாக இருந்த தன் மகனுடையது. 5 சென்ரிமீற்றர் அகலம், 5 சென்ரிமீற்றர் உயரம். கொம்பியூட்டருக்குள் அது 176 வரிசை, வரிசைக்கு 176 புள்ளி ஆனது.

ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரேயொரு பிட் மட்டும்தான் இருந்தது. ஒரு பிட் என்றால் இரண்டே பதில்: 0 அல்லது 1, கறுப்பு அல்லது வெள்ளை. குழந்தையின் கன்னத்தில் விழும் மெல்லிய நிழலுக்கு அதில் இடமில்லை. அதனால் அவர்கள் அதே படத்தைப் பல தடவை வாசித்தார்கள். எவ்வளவு ஒளிக்கு மேல் "வெள்ளை" என்று எடுப்பது என்ற எல்லையை ஒவ்வொரு தடவையும் மாற்றினார்கள். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தபோது சாம்பல் நிறங்கள் கிடைத்தன. ஒரு பிட் கூடினால் பதில்களின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும். 6 பிட் என்றால் 64 படிகள். 8 பிட் என்றால் 256. 16 பிட் என்றால் 65,536. மீதிக் கதைக்கு இந்தக் கணக்கை நினைவில் வைத்திருங்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1965 ஜூலையில் மரினர் 4 என்ற விண்கலம் செவ்வாய்க் கிரகத்தைக் கடந்து பறந்தது. அது எடுத்த ஒவ்வொரு படத்திலும் 200 வரிசை, வரிசைக்கு 200 புள்ளி, புள்ளிக்கு 6 பிட். மொத்தம் 2,40,000 பிட். இன்றைய போனுக்கு இது ஒன்றுமேயில்லை. ஆனால் மரினர் ஒரு விநாடிக்கு எட்டு பிட்டுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் அனுப்பியது. ஒரு படம் பூமிக்கு வந்து சேர 8 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் எடுத்தது.

கலிபோர்னியாவில் காத்திருந்த பொறியியலாளர்களுக்கு ஒரு கவலை இருந்தது. விண்கலத்தின் ரேப் ரெக்கோர்டர் சரியாக வேலை செய்ததா? அதில் உண்மையில் படம் இருக்கிறதா, இல்லை வெறும் குப்பையா? கொம்பியூட்டர் படத்தைச் செய்து தரும்வரை அவர்களால் பொறுக்க முடியவில்லை. வந்துகொண்டிருந்த எண்களை நீளமான காகிதப் பட்டிகளில் அச்சிட்டார்கள். பட்டிகளைப் பக்கம் பக்கமாகச் சுவரில் பொருத்தினார்கள். ரிச்சர்ட் கிரம் என்ற பொறியியலாளர் சித்திரப் பொருட்கள் விற்கும் கடையில் பேஸ்டல் வாங்கி வந்தார். இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரைக்கும் இந்த நிறம் என்று தீர்மானித்து, சின்னப் பிள்ளைகளின் நிறந்தீட்டும் புத்தகத்தைப் போல எண்களின் மேல் நிறம் தீட்டினார்கள்.

அப்படித்தான் செவ்வாயின் விளிம்பும், அதற்கு அப்பால் இருண்ட வானமும் மனிதர் கையால் சுவரில் தோன்றின. ரெக்கோர்டர் வேலை செய்திருந்தது. அதற்குச் சாட்சி சொன்னவை எண்கள். பிறகு கொம்பியூட்டர் செய்து தந்த படங்கள் மங்கலாக, வெளிச்சத்துக்கும் இருளுக்கும் அதிக வித்தியாசம் இல்லாமல் இருந்தன. எண்களை விரித்து அந்த வித்தியாசத்தைக் கூட்டியபோதுதான் பள்ளங்கள் தெளிவாகத் தெரிந்தன. செவ்வாயில் செடிகொடி இருக்கலாம் என்று நம்பியிருந்தவர்களுக்கு, சந்திரனைப் போன்ற ஒரு நிலம் தெரிந்தது. அதே வருடம், அதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிரெட் பில்லிங்ஸ்லி எழுதிய கட்டுரைகளில்தான் "பிக்சல்" என்ற சொல் முதன்முதலில் அச்சில் வந்தது.

அடுத்து 1987. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தோமஸ் நோலிடம் ஒரு மக்கின்ரொஷ் பிளஸ் இருந்தது. அதன் திரைக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான் தெரியும். அவருடைய படங்களிலோ சாம்பல் நிறங்கள் இருந்தன. கறுப்புப் புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் வைத்துச் சாம்பல் போலக் காட்ட ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். அவருடைய சகோதரர் ஜோனும் சேர்ந்துகொள்ள, அது வளர்ந்து 1990இல் போட்டோஷொப் என்ற பெயரில் வெளிவந்தது. கோப்பில் இருப்பதைக் காட்டத் திரைக்குச் சக்தி போதவில்லை என்ற பிரச்சினையிலிருந்துதான் அந்த மென்பொருளே பிறந்தது!

அந்தப் பிரச்சினை இன்றும் தீரவில்லை. நல்ல ஸ்கேனர் 16 பிட்டில் படத்தைச் சேமிக்கும். நாம் பார்க்கும் திரைகள் பெரும்பாலும் 8 பிட்தான். திரையில் ஒரே கறுப்பாகத் தெரியும் ஒரு படிக்குள் 256 வெவ்வேறு எண்கள் ஒளிந்திருக்கலாம்.

என் அம்மம்மாவின் கலியாணப் படத்தை 16 பிட்டில் ஸ்கேன் செய்தபோது இதை நான் நேரில் கண்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து பெட்டிக்குள் வந்த ஒரே படம் அது. கூறைச் சேலையின் மடிப்புகள் வெறும் கறுப்பாகத்தான் தெரிந்தன. எண்களை வாசித்துப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் வரிசையாக ஏறி இறங்கின. கரை அங்கே இருந்தது. இருண்ட எண்களை மட்டும் மெதுவாக விரித்தபோது அது வெளியே வந்தது. நான் எதையும் புதிதாக வரையவில்லை. உறவுக்காரரிடம் அதைக் காட்டும்போது எனக்கு முக்கியமாக இருந்தது அதுதான். போன் செயலிகள் பழைய படங்களுக்குத் தாமாகவே கண்ணும் கரையும் வரைந்து கொடுக்கும் காலம் இது. இருந்ததை வெளியே எடுப்பதும் இல்லாததைப் போட்டு நிரப்புவதும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியலாம். எண்ணைப் பார்த்தால்தான் வேறுபாடு பிடிபடும்.

நீங்களும் எண்களை வாசிக்கலாம். ஆனால் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, நிறத்தை உறிஞ்சும் கருவி ஒரேயொரு பிக்சலை வாசிக்கிறதா, சுற்றியுள்ள 9 அல்லது 25 பிக்சல்களின் சராசரியைச் சொல்கிறதா என்று பாருங்கள். உண்மையான ஒரு பிக்சலின் எண் வேண்டுமென்றால் சராசரியை நிறுத்துங்கள். படத்தில் இரைச்சல் அதிகமாக இருந்தால் சராசரிதான் நல்லது. இரண்டாவது, காட்டப்படும் எண் எந்த அளவுகோலில் இருக்கிறது? 0 முதல் 255 வரை என்றால் உங்கள் 16 பிட் படத்தின் நுணுக்கம் அங்கே சுருக்கப்பட்டுவிட்டது. போட்டோஷொப்பின் தகவல் பலகையில் 16 பிட் எண்களைக் காட்டும்படி மாற்றலாம். 2018இல் வந்த ஜிம்ப் 2.10இலிருந்து அந்த இலவச மென்பொருளிலும் 16 பிட்டிலும் 32 பிட்டிலும் வேலை செய்யலாம்.

மூன்றாவதுதான் பலரைக் குழப்புவது. போட்டோஷொப்பில் "16 பிட்" எண்கள் 65,535 வரை போகாது. 32,768இல் நின்றுவிடும். அது பிழையல்ல. அந்த அளவுகோலில் 16,384 சரி நடுவில் வரும், கணக்கும் வேகமாக நடக்கும் என்பதற்காக அதைச் செய்தவர்கள் எடுத்த முடிவு. எந்த எண் எந்த நிறம் என்று கிரம் பேஸ்டலோடு நின்று தீர்மானித்ததைப் போலத்தான் இதுவும். எண்களுக்கு அளவுகோல் வைப்பதும் மனிதர்தான்.

அடுத்த விடுமுறையில் வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றை 16 பிட்டில் ஸ்கேன் செய்யுங்கள். மிக இருண்ட மூலையில் பத்துப் புள்ளிகளின் எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாம் 0 என்றால் அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. ஒழுங்காகக் கூடிக் குறைந்தால், வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். அங்கே யாராவது நின்றுகொண்டிருக்கலாம்.