பூட்டு இங்கே, சாவி எங்கே?

நம்ம கோயமுத்தூர்ல ரிட்டையர் ஆன பேங்க் ஆபீசர் யாரையாவது கேட்டுப் பாருங்க. ஸ்ட்ராங் ரூம் சாவியை ஒருத்தர் கையில மட்டும் குடுக்க மாட்டாங்க. மேனேஜர்கிட்ட ஒண்ணு, கேஷியர்கிட்ட ஒண்ணு. ரெண்டும் சேர்ந்தாத்தான் கதவு திறக்கும். டூப்ளிகேட் சாவியை சீல் வெச்சு வேற கிளையில குடுத்து வெப்பாங்க. அதுவும் அங்கேயே தூங்காது. அப்பப்ப எடுத்து, புழக்கத்துல இருக்கற சாவியோட மாத்திக்கணும்ங்கறது முறை.

ஹார்டு டிஸ்க்கைப் பூட்டறதும் இதே கதைதாங்க.

1883லயே கெர்க்காஃப்ஸ்னு ஒரு டச்சுக்காரர் எழுதி வெச்சுட்டார்: பூட்டோட அமைப்பு எதிரிக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்லை, சாவி ரகசியமா இருந்தாப் போதும். அப்ப சாவியை எங்கே வெக்கறதுங்கறதுதானே மொத்தக் கேள்வியும்?

2004ல ட்ரூகிரிப்ட் வந்தது. பாஸ்வேர்டோட கீஃபைல்னு ஒரு கோப்பையும் சேர்த்துக் கேட்கற வசதி அதுல இருந்தது. அந்தக் கோப்பைத் தனியா பென் டிரைவ்ல வெச்சுக்கலாம். (2014 மே மாசம் அதைக் கைவிட்டுட்டாங்க. வாரிசா வந்தது வெராகிரிப்ட்.) 2007ல விஸ்டாவோட வந்த பிட்லாக்கரும் பென் டிரைவ்ல சாவி வெச்சுக்க விட்டது. உள்ளே நடக்கறது என்னன்னா, டிஸ்க்ல இருக்கற எல்லாத்தையும் ஒரு மூலச்சாவி பூட்டும். நம்ம வெளிச்சாவி அந்த மூலச்சாவியைப் பூட்டும். அவ்வளவுதான்.

ஆனா கம்ப்யூட்டர் ஓடும்போது மூலச்சாவி மெமரியில உக்காந்திருக்குமே? 2008ல பிரின்ஸ்டன் ஆளுங்க அதைத்தான் புடிச்சாங்க. கரண்ட்டை நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் சாவி மெமரியில நிக்குது, சில்லுவைக் குளிர வெச்சா இன்னும் அதிக நேரம் நிக்குதுன்னு செஞ்சே காட்டினாங்க. அதனால லேப்டாப்பை ஸ்லீப்ல போட்டுட்டுப் போனா, பென் டிரைவைக் கழட்டி பாக்கெட்ல போட்டும் பிரயோஜனம் இல்லீங்க. ஷட் டவுன் பண்ணணும்.

நம்ம ஊருக்கு வருவோம். 2000ல தகவல் தொழில்நுட்பச் சட்டம் டிஜிட்டல் கையெழுத்தை ஏத்துக்கிச்சு. பின்னாடி கோவை, திருப்பூர் ஆடிட்டர் ஆபீஸ்ல எல்லாம் யூஎஸ்பி டோக்கன் குவிஞ்சுது. நான் பார்த்த ஒரு ட்ராயர்ல டோக்கன் மேலயே பேரும் பின் நம்பரும் எழுதி ஒட்டியிருந்தது! சாவியைத் தனியா வெக்கறதோட அர்த்தமே போச்சு. ஆனா ஒண்ணு, கையெழுத்து டோக்கன் தொலைஞ்சா பழைய சான்றிதழை ரத்து பண்ணிட்டுப் புதுசு வாங்கிக்கலாம். டிஸ்க் சாவி தொலைஞ்சா?

இதுக்கு பூரி ஜெகன்னாதர் கோயில் கதையைச் சொல்லணும். 2018 ஏப்ரல்ல ரத்ன பண்டாரத்தைப் பார்வையிடப் போனப்ப உள்ளறைச் சாவியைக் காணோம். ரெண்டு மாசம் கழிச்சு டூப்ளிகேட் இருக்குன்னு ஒரு கவர் கிடைச்சது. 2024 ஜூலை 14 அன்னிக்கு திறக்கப் போனா, அந்தச் சாவி சேரவே இல்லை. பூட்டை அறுத்துத்தான் உள்ளே போனாங்க.

அங்கே அறுக்க முடிஞ்சது. ஒழுங்கா என்கிரிப்ட் பண்ணின டிஸ்க்கை அறுக்க எந்த ஊர் பட்டறையிலயும் கருவி கிடையாது. திருடனுக்கு அது வெறும் குப்பை. சாவி தொலைஞ்சா நமக்கும் அதே குப்பைதான். பத்து வருஷக் கணக்கு, குழந்தை போட்டோ எல்லாம் போச்சு.

அதனால பேங்க்காரங்க வழியையே புடிச்சுக்கலாம். சாவி லேப்டாப் பையில வேண்டாம். ரெண்டாவது பிரதி வேற வீட்டுல இருக்கட்டும். முக்கியமா, ஆறு மாசத்துக்கு ஒருக்கா அந்த ரெண்டாவது சாவியைப் போட்டு நிஜமாவே திறக்குதான்னு பார்த்துருங்க.

உங்க சாவி எங்கே இருக்குன்னு மட்டும் பின்னூட்டத்துல சொல்லிடாதீங்க, மக்கா :)