பாதரசம் படிந்த நிலம் – ஒரு வரலாற்றுக் குறிப்பு

கைவிடப்பட்ட ஆலை நிலத்தை மக்கள் பயன்பாட்டுக்கு மீட்பது பொறியாளர் பணி என்றே நாம் பொதுவாகக் கருதுகிறோம். ஆனால் அதன் முதற்கட்டம் மண்ணைத் தோண்டுவதன்று. பழைய வரைபடங்கள், இருப்புப் பதிவேடுகள், தொழிலாளர் நினைவுகள் ஆகியவற்றைத் திரட்டுவதே அது. எந்த நஞ்சு எந்தக் கூடத்தில் கையாளப்பட்டது, கழிவு எந்தச் சரிவில் கொட்டப்பட்டது என்று தெரியாமல் மண் மாதிரியை எங்கே எடுப்பது? அவ்வகையில் இது வரலாற்றாய்வின் வேலையும்கூட.

தமிழகத்தில் இதற்கு நன்கறியப்பட்ட சான்று கொடைக்கானல். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரில் இயங்கிய செஸ்ப்ரோ-பாண்ட்ஸ் நிறுவனத்தின் வெப்பமானி ஆலை 1983இல் இம்மலைக்கு இடம்பெயர்ந்தது. 1987இல் அந்நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியது. அதன் வழியே ஆலை இந்துஸ்தான் லீவரிடம் வந்து சேர்ந்தது. பாதரசம் இறக்குமதியாயிற்று, வெப்பமானிகள் ஏற்றுமதியாயின, உடைந்த கண்ணாடி மட்டும் மலையில் தங்கியது. மூஞ்சிக்கல்லில் பழைய பொருள் கடை ஒன்றில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு டன்கணக்கில் கிடந்ததை 2001 மார்ச்சில் ஊர்மக்களும் சூழல் ஆர்வலர்களும் வெளிக்கொணர்ந்தனர். ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. உடல்நலக் கேட்டுக்கு நீதி கேட்டு நெடுங்காலம் போராடிய முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் 2016இல் உடன்பாடு கண்டது.

எஞ்சியது மண். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் என்னும் அளவுவரை தூய்மைப்படுத்தினால் போதும் என்பது ஏற்கப்பட்ட இலக்கு. போதாது என்றனர் சூழல் ஆர்வலர்கள். இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். நஞ்சின் இருப்பிடம், அது பயணிக்கும் வழி, சென்று சேரும் உயிர் ஆகிய மூன்றையும் வைத்தே ஆபத்து மதிப்பிடப்படுகிறது. அங்கே வீடு வருமா, கிடங்கு வருமா, காடு இருக்குமா என்பதற்கேற்ப எண்ணும் மாறும். குடியிருப்பை மனத்தில் வைத்துக் கணித்த எண், அந்நிலத்தின் கீழே கிடக்கும் பாம்பார் சோலையின் மீனுக்கும் பறவைக்கும் பொருந்துமா என்பதே இங்கு எழுந்த வழக்கின் சாரம். பாதரசம் ஆவியாகக் கூடியது. நீர்நிலையில் நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாகி மீனுடலில் சேரக் கூடியது. பாம்பாறோ கும்பக்கரை அருவியாக விழுந்து பெரியகுளம் சமவெளிக்கு இறங்குகிறது.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கோமுகியை நம்பி வாழும் கள்ளக்குறிச்சிப் பகுதியினராகிய நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மலைமேல் மண்ணில் விடப்படுவது மலையோடு நிற்பதில்லை.

ஆவணம் இருந்தும் வாசிக்கப்படாததற்கும் உலகில் சான்று உண்டு. அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கெனால் என்னும் கைவிடப்பட்ட கால்வாயில் ஹூக்கர் நிறுவனம் 1942 முதல் சுமார் 20,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்தது. 1953இல் அந்நிலத்தை ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் விற்றது. கழிவு புதைந்திருப்பதை விற்பனைப் பத்திரமே குறிப்பிட்டிருந்தது. எனினும் அங்கே பள்ளி எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1978இல் நெருக்கடிநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. 1980இல் அந்நாட்டில் மாசுற்ற நிலங்களுக்கெனத் தனிச் சட்டம் பிறக்க இதுவே பெரிதும் காரணமாயிற்று.

இந்தியாவில் இத்தகைய நிலங்களுக்கான தனி விதிகள் 2025 ஜூலையில்தான் அறிவிக்கப்பட்டன. போபால் நிகழ்ந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு. ஐயத்துக்குரிய நிலங்களைப் பட்டியலிடும் பொறுப்பு அவற்றில் உள்ளூர் நிர்வாகத்திடம் தரப்பட்டுள்ளது. முதற்கட்ட மதிப்பீடும் விரிவான ஆய்வும் அதன் பின்னரே வருகின்றன. ஆகவே பட்டியலில் ஏறாத நிலம் சோதிக்கப்படப் போவதில்லை. பட்டியலில் ஏற்ற வேண்டுமானால், அங்கே என்ன நடந்தது என்று யாராவது சொல்ல வேண்டும். ஆலைகளின் பதிவேடுகள் பழைய காகிதமாக எடைக்குப் போகின்றன. அங்கே உழைத்தவர்கள் முதுமையடைகிறார்கள். பழைய ஆலை நிலத்தில் பள்ளியோ குடியிருப்போ எழுவதற்கு முன் அவர்களைத் தேடிச்சென்று கேட்டு எழுதிவைப்பது, ஊர் வரலாறு எழுதுவோர் அனைவருக்கும் உரிய கடமை என்றே நாம் கருதுகிறோம்.