ஜாங்கோ: தொடக்கமும் கோரிக்கைக் கையாளலும்

ஜாங்கோ, பைதான் மொழியில் எழுதப்பட்ட திறந்த மூல வலைச் சட்டகம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், ஒரு செய்தித்தாளின் இணையப் பிரிவில் 2003-ஆம் ஆண்டு உருவாகி, 2005 ஜூலையில் பொதுவெளிக்கு வந்தது. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் நினைவாகப் பெயரிடப்பட்டது. இதன் வேலைகள் இருவகை: சர்வர் எழும்போது ஒரே முறை நடப்பவை, ஒவ்வொரு கோரிக்கைக்கும் திரும்பத் திரும்ப நடப்பவை. எந்த வேலை எந்தப் பக்கம் சேர வேண்டும் என்ற கேள்வியே இச்சட்டகத்தின் வளர்ச்சியை நடத்தி வந்திருக்கிறது.

முன்வரலாறு

வலைப்பக்கங்களை நிரல் கொண்டு உருவாக்கும் முதல் பொது முறை, இலினாய் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. மையத்தில் 1993-இல் பிறந்த சி.ஜி.ஐ. ஆகும். கோரிக்கை வந்ததும் சர்வர் ஒரு புதிய நிரலை இயக்கும். அது விவரங்களைச் சூழல் மாறிகளிலிருந்து படித்து, பக்கத்தை அச்சிட்டுவிட்டு முடிந்துபோகும். அடுத்த கோரிக்கைக்கு எல்லாம் முதலிலிருந்து. ஒவ்வொரு ஆளுக்கும் அடுப்பு மூட்டி, ஒரு டம்ளர் டீ போட்டுவிட்டு, அடுப்பை அணைக்கும் டீக்கடையைப் போன்றது இம்முறை. பைதானில் எழுதிய சிறு பக்கத்துக்குக்கூட மொழிபெயர்ப்பி எழுவதும் நிரல்தொகுதிகள் ஏறுவதும் ஒவ்வொரு முறையும் நடந்தாக வேண்டும்.

பைதான் மொழிபெயர்ப்பியை அப்பாச்சி சர்வருக்குள்ளேயே நிலையாக அமர்த்திய மாட்_பைதான் இச்செலவைக் குறைத்தது. ஆனால் அதற்கென எழுதிய செயலி அப்பாச்சியோடு பிணைந்துபோனது. சட்டகங்கள் பல, சர்வர்கள் பல. ஒன்றுக்கு எழுதியது மற்றொன்றில் ஓடாது. இச்சிக்கலுக்குத் தீர்வாக ஃபிலிப் ஜே. எபி 2003 டிசம்பரில் முன்வைத்ததே டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. என்னும் இடைமுகம். அதன்படி, செயலி என்பது அழைக்கத்தக்க ஒரு பொருள். சர்வர் அதனிடம் இரண்டைக் கொடுக்கும்: கோரிக்கை விவரங்கள் அடங்கிய ஓர் அகராதி, பதிலைத் தொடங்கிவைக்க ஒரு செயற்கூறு. செயலி பதிலின் உள்ளடக்கத்தைத் திருப்பித் தரும். உடன்படிக்கை இவ்வளவுதான். பைதான் 3-க்கு ஏற்ப இது 2010-இல் திருத்தப்பட்டது.

தோற்றம்

ஏட்ரியன் ஹோலவாட்டியும் சைமன் வில்லிசனும் லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு நாளிதழின் தளங்களுக்காக ஜாங்கோவை எழுதத் தொடங்கினர். பின்னர் ஜேக்கப் கப்லன்-மாஸ் சேர்ந்தார். செய்தி அறையில் கேட்ட வசதி சில நாட்களில், சில வேளை சில மணி நேரத்தில், இணையத்தில் ஏற வேண்டும். அதனால் எல்லாத் தளங்களுக்கும் பொதுவான வேலைகளைச் சட்டகத்திடம் விட்டு, தளத்துக்கே உரியதை மட்டும் எழுதும் வழக்கம் உருவானது. பொதுவெளிக்கு வந்த தொடக்க காலத்தில் ஜாங்கோவிடம் மாட்_பைதானுக்கு ஒன்றும் டபிள்யூ.எஸ்.ஜி.ஐ.க்கு ஒன்றுமாக இரண்டு கையாளிகள் இருந்தன. 2008 செப்டம்பரில் 1.0 பதிப்பு வந்தது. 2012-இல் வெளியான 1.4, ஒவ்வொரு புதிய திட்டத்திலும் டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. கோப்பு ஒன்றைத் தானே எழுதி வைத்தது. அடுத்த பதிப்பில் மாட்_பைதான் ஆதரவு நீங்கியது.

தொடக்க முறை

சர்வர் எழும்போது திட்டத்தின் டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. கோப்பைத்தான் முதலில் ஏற்றும். அமைப்புகள் எங்கே இருக்கின்றன என்பதை ஒரு சூழல் மாறி சொல்லும். பிறகு பதிவுகளுக்கான ஏற்பாடு. அதன்பின் செயலிப் பதிவேடு நிரப்பப்படும்; செயலிகள் என்பவை இங்கே திட்டத்தின் தனித்தனிப் பகுதிகள். நிரப்புவது மூன்று கட்டமாக நடக்கும். முதலில், நிறுவிய செயலிகளின் பட்டியல் வரிசையாகப் படிக்கப்படும். இரண்டாவதாக, ஒவ்வொன்றின் தரவு மாதிரிகளும் ஏற்றப்படும். எல்லா மாதிரிகளும் வந்து சேர்ந்தபின், மூன்றாவதாக, ஒவ்வொரு செயலிக்கும் ‘தயார்’ என்ற அழைப்பு போகும்.

இந்த ஒழுங்கு 2014-இல் வெளிவந்த 1.7 பதிப்பில் ஏற்பட்டது. அதற்கு முன் மாதிரிகள் எப்போது ஏறும் என்பதற்கு உறுதி இல்லை. நிரலாளரின் கணினியில் ஓடும் சோதனைச் சர்வர் எழும்போதே மாதிரிகளைச் சரிபார்ப்பதால் எல்லாம் ஏறிவிடும். உண்மைச் சர்வர் அப்படிச் செய்யாது. அதனால் மேசையில் ஒழுங்காக ஓடிய நிரல், மக்கள் பயன்படுத்தும் இடத்தில் மட்டும் பிழை காட்டக்கூடும். 1.7-க்குப் பின், பதிவேடு நிரம்புமுன் யாராவது மாதிரியைத் தொட்டால் ‘செயலிகள் இன்னும் ஏற்றப்படவில்லை’ என்ற பிழை உடனே எழும். எரிச்சலூட்டினாலும் இது நன்மை செய்யும் பிழை: தவறு கோரிக்கை வரும்வரை காத்திராமல் வாசலிலேயே பிடிபடுகிறது.

கோரிக்கையின் வழி

கோரிக்கை வந்ததும் ‘தொடங்கியது’ என்னும் சமிக்ஞை எழும். சர்வர் கொடுத்த அகராதி ஒரு கோரிக்கைப் பொருளாக மாறி, கோரிக்கையும் பதிலும் கடந்துபோகும் மிடில்வேர் அடுக்குகளுக்குள் நுழையும். புதிய திட்டத்தில் ஏழு அடுக்குகள் இருக்கும்: பாதுகாப்பு, அமர்வு, பொது விதிகள், போலிக் கோரிக்கைத் தடுப்பு, பயனர் அடையாளம், அறிவிப்புகள், பக்கத்தைப் பிற தளங்கள் ஃபிரேமுக்குள் பதிப்பதைத் தடுத்தல். வரிசைக்குக் காரணம் உண்டு. அமர்வு திறந்த பிறகே அதிலிருந்து பயனர் யார் என்று அறிய முடியும். இரண்டையும் இடம் மாற்றினால் அடையாள அடுக்கு பிழை எழுப்பிவிடும்.

உள்ளே யூ.ஆர்.எல். பட்டியல் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும். முதலில் பொருந்தும் வரி எந்த வியூவை (பதிலை உருவாக்கும் செயற்கூற்றை) காட்டுகிறதோ அது அழைக்கப்படும். எதுவும் பொருந்தாவிட்டால் 404. வியூ தரும் பதில், கோரிக்கை வந்த அடுக்குகளின் வழியே தலைகீழ் வரிசையில் வெளியேறும். பதிலை அனுப்பிய பின் ‘முடிந்தது’ என்னும் சமிக்ஞை எழும். தரவுத்தள இணைப்பு மூடப்படுவது அப்போதுதான். 1.6 பதிப்பிலிருந்து அந்த இணைப்பை அடுத்த கோரிக்கைக்கும் வைத்துக்கொள்ள வழி உண்டு.

அடுக்குகள் எப்போதும் இவ்வளவு சீராக இருந்ததில்லை. பழைய முறையில் மூன்றாம் அடுக்கே பதில் கொடுத்துத் திருப்பி அனுப்பினாலும், ஏழு அடுக்குகளின் வெளியேறும் வேலையும் நடக்கும். உள்ளே வராதவரும் வெளியே போனதாகக் கையெழுத்திட வேண்டிய நிலை. 2016-இன் 1.10 பதிப்பு இதைத் திருத்தியது. சர்வர் எழும்போதே பட்டியல் கடைசியிலிருந்து படிக்கப்பட்டு, ஒவ்வொரு அடுக்கும் தனக்கு உள்ளே இருப்பதைச் சுற்றிப் பொதிகிறது. இடையில் திரும்பும் கோரிக்கை, தான் கடந்துவந்த அடுக்குகளை மட்டுமே மீண்டும் கடக்கும். 2.0 பதிப்பில் பழைய முறை முற்றாக நீங்கியது.

ஒத்திசையா முறை

டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. ஒரு கோரிக்கைக்கு ஒரு பதில் என்ற கணக்கில் அமைந்தது. நீண்ட நேரம் திறந்திருக்கும் வெப்சாக்கெட் இணைப்பு அதில் அடங்காது. ஆண்ட்ரூ காட்வின் முன்னெடுத்த ஏ.எஸ்.ஜி.ஐ. இடைமுகம் இதற்கு வழி செய்தது. ஜாங்கோ 2019 டிசம்பரின் 3.0 பதிப்பில் அதை ஏற்றது, 2020-இன் 3.1 பதிப்பில் வியூக்களையும் மிடில்வேரையும், ஒன்று முடியும்வரை மற்றொன்று காத்திராத ஒத்திசையா முறையில் எழுத முடிந்தது.

பயன்

தொடக்க வேலை, கோரிக்கை வேலை என்ற பிரிவினையைப் புரிந்துகொண்டவருக்குப் பிழை தேடுவது எளிது. சர்வரே எழவில்லையென்றால் அமைப்புகளிலும் செயலிப் பட்டியலிலும் பார்க்க வேண்டும். எழுந்து நின்று ஒரு முகவரிக்கு மட்டும் தடுமாறினால் யூ.ஆர்.எல். பட்டியலிலும் வியூவிலும் பார்க்க வேண்டும். எல்லா முகவரியும் ஒன்றுபோல் தடுமாறினால் முதலில் மிடில்வேர். இடைமுகம் இருமுறை மாறி, தொடக்க முறையும் அடுக்குகளும் புதிதாய்க் கட்டப்பட்டபோதும் வியூவின் அடிப்படை வடிவம் மாறவில்லை: 2005-இல் போலவே அது கோரிக்கையை வாங்கிப் பதிலைத் தருகிறது. அந்த ஒரு செயற்கூற்றை எழுதுபவர் மற்ற எதையும் சுமக்க வேண்டாம் என்பதற்காகவே சுற்றியுள்ள அத்தனை மாற்றங்களும் நடந்தன.