செட்டிநாட்டு வட்டாரத்தில் வேட்டையின் மறைவு

செட்டிநாட்டு வட்டாரத்தில் வேட்டையின் மறைவு என்பது சிவகங்கை மாவட்டத்தின் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், காளையார்கோவில், சிங்கம்புணரி பகுதிகளில் வேட்டைத் தொழிலும் வேட்டைப் பழக்கமும் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் படிப்படியாகக் குறைந்துபோன வரலாற்றைக் குறிக்கும். இந்தியாவில் வேட்டை உரிமம் வழங்கும் முறை 1991இல் நீக்கப்பட்டது. ஆயினும் இவ்வட்டாரத்தில் வேட்டைக்காரர்கள் குறைந்ததற்குச் சட்டம் மட்டும் காரணமன்று. கருவி, காடு, தேவை ஆகிய மூன்றும் அதற்கு முன்பிருந்தே ஒன்றன்பின் ஒன்றாக வேட்டைக்காரரின் கையை விட்டு விலகத் தொடங்கிவிட்டன. வேட்டை நின்றதன் சுமை எல்லார் மீதும் ஒரே அளவில் விழவில்லை என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

பின்னணி

செட்டிநாடு செம்மண்ணும் செம்புறாங்கல்லும் நிறைந்த வறண்ட சமவெளி. மழைநீரைத் தேக்கும் கண்மாய்கள், முட்புதர்க் காடுகள், கோயில் காடுகள் ஆகியவை ஊர்களுக்கு இடையே பரவியிருந்தன. புதர்க் காடுகளில் முயல், கவுதாரி, காடை, காட்டுப்பன்றி, புள்ளிமான் ஆகியவையும் கண்மாய்களில் நீர்ப்பறவைகளும் வேட்டைக்குக் கிடைத்தன.

வேட்டையாடியவர்கள் மூவகையினர். முதலாவது வகையினர் பாளையக்காரர்களும் சமீன்தார்களும். இவர்களுக்கு வேட்டை என்பது அதிகாரத்தின் அடையாளம். இரண்டாவது வகையினர் உழவர்கள். அறுவடைக்குப் பிந்தைய ஓய்வுக் காலத்தில் நாய்களோடும் கம்புகளோடும் கூட்டமாகச் சென்று முயல் பிடிப்பது இவர்களது வழக்கம். மூன்றாவது வகையினர் வலை, கண்ணி, பொறி ஆகியவற்றைக் கொண்டு பிழைப்பு நடத்திய சமூகத்தார். குருவிக்காரர் என்றும் அழைக்கப்படும் நரிக்குறவர்கள் இவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள்.

வேட்டைக்குச் சமய மதிப்பும் இருந்தது. அய்யனாரும் கருப்பரும் இரவில் குதிரையேறி வேட்டைக்குச் செல்வதாக மக்கள் நம்பினர். அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைக்கும் புரவியெடுப்பு விழா இந்நம்பிக்கையோடு தொடர்புடையது. மகர்நோன்பு எனப்படும் விஜயதசமி நாளில் தெய்வம் ஊர்ப் பொட்டலுக்கு எழுந்தருளி அம்பு போடுவது தெய்வத்தின் வேட்டையாகக் கருதப்படுகிறது. காரைக்குடியில் மகர்நோன்புப் பொட்டல் என்ற இடப்பெயர் இன்றும் வழங்குகிறது. மாசி மாதச் சிவராத்திரியை ஒட்டி ஊரார் கூடிச் செல்லும் வேட்டைக்குப் பாரி வேட்டை என்று பெயர்.

வளரியும் ஆயுதத் தடையும்

இவ்வட்டாரத்தின் சிறப்பான வேட்டைக் கருவி வளரி. பிறை போல் வளைந்த இது மரத்தாலோ இரும்பாலோ செய்யப்பட்டது. ஓடும் முயலின் காலை நோக்கி எறியப்பட்ட இதே கருவி போரிலும் பயன்பட்டது. சிறுவயலைத் தம் இருப்பிடமாகக் கொண்ட சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டதாகக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார்.

1801ஆம் ஆண்டுப் போரில் மருது சகோதரர்கள் தோற்கடிக்கப்பட்டு, அக்டோபர் மாதம் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, தென்பாளையங்களின் மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. பின்னர் வந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியது. ஊரில் பலர் கையிலிருந்த ஆயுதம், அரசு அனுமதி பெற்ற சிலருக்கு மட்டும் உரியதாக மாறியது. வளரி எறியும் பயிற்சி இதன்பின் மெல்ல அருகியது.

காடு கைமாறியது

காளையார்கோவிலைச் சுற்றியிருந்த அடர்ந்த காடு சிவகங்கைச் சீமைக்கு அரணாக இருந்தது. 1801இல் கம்பெனிப் படை சிறுவயலிலிருந்து காளையார்கோவிலை நோக்கிக் காட்டை வெட்டி வழி அமைக்க முயன்றது. அதன்பின் வேளாண்மையும் விறகுத் தேவையும் காட்டின் பரப்பைச் சுருக்கின.

சமீன்தாரி முறையில் காடு சமீனுக்கு உரியது. வேட்டையாடுவதற்கு அவரது இசைவே போதுமானதாக இருந்தது. 1948ஆம் ஆண்டு சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் சமீன்தாரிகள் முடிவுக்கு வந்து, நிலங்கள் அரசின் கைக்கு மாறின. அரசுக் காப்புக் காடுகளில் 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்தின் விதிகள் நடைமுறையில் இருந்தன. அவற்றின்படி வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே வேட்டையாட முடியாது. சமீன்தார்கள் நடத்திய பெருவேட்டைகளும் அவற்றில் மிருகங்களை விரட்டிவிடும் வேலைக்கு ஆட்களை அழைக்கும் வழக்கமும் இவ்வாறு நின்றன.

பின்னர் காட்டின் தன்மையும் மாறியது. 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் இப்பகுதியிலும் தைல மரங்களைப் பெருமளவில் வளர்த்தது. தரிசு நிலங்களிலும் கண்மாய்களிலும் சீமைக் கருவேல மரம் பரவியது. முயலும் கவுதாரியும் விரும்பும் புல்லும் புதரும் கலந்த வெளிகள் குறைந்தன.

உரிம முறை: 1912 முதல் 1991 வரை

1912ஆம் ஆண்டு காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், குறிப்பிட்ட இனங்களை இனப்பெருக்கக் காலத்தில் கொல்வதற்குத் தடை விதிக்க வழி செய்தது. கவுதாரி, காடை, மயில், மான், முயல் ஆகியவை அதன் பட்டியலில் இருந்தன. சொத்தைக் காக்கும் பொருட்டு விலங்கைக் கொல்வதற்கு அதில் விலக்கு உண்டு.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் உழவரை மனத்தில் கொண்டிருந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கான கரிமருந்துத் துப்பாக்கிக்கும், தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ பயன்படும் நீண்ட குழல் துப்பாக்கிக்கும் அதில் தனி இடம் தரப்பட்டது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முழுவதுமாகத் தடை செய்யவில்லை என்பது பலரும் கவனிக்காத செய்தி. அச்சட்டம் சிறப்பு வேட்டை, பெருவேட்டை, சிறுவேட்டை, விலங்கு பிடித்தல் என நான்கு வகை உரிமங்களை வைத்திருந்தது. புள்ளிமானும் காட்டுப்பன்றியும் பெருவேட்டைப் பட்டியலில் இருந்தன. முயலும் கவுதாரியும் சிறுவேட்டைப் பட்டியலில் இருந்தன. உரிமம் பெற்றவர் தாம் கொன்ற விலங்குகளைப் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும்.

இம்முறை படித்தவருக்கும் வசதி படைத்தவருக்கும் ஏற்றதாக இருந்தது. கட்டணம், விண்ணப்பம், பதிவேடு ஆகியவை கண்ணியும் வலையும் வைத்துப் பிழைத்தவருக்கு எட்டாதவை. எனவே 1972க்குப் பிறகு அவர்களது அன்றாடப் பிழைப்பே குற்றமாக மாறியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் நான்கு வகை உரிமங்களையும் நீக்கியது. அதன்பின், உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்து விளைவிக்கும் விலங்கைக் கொல்ல முதன்மை வனவிலங்குக் காப்பாளர் அல்லது அவரால் அதிகாரம் பெற்ற அலுவலர் ஆணையிடுவது போன்ற சில விலக்குகளே எஞ்சின.

அடுப்படியில் நேர்ந்த மாற்றம்

காடை, கவுதாரி, முயல் கறிகள் செட்டிநாட்டு அசைவச் சமையலில் பெயர் பெற்றவை. காட்டிலிருந்து இவற்றைப் பிடித்து வந்து வீட்டு வாசலிலும் சந்தையிலும் விற்றவர்களுக்கு இதுவே வருமானம். 1974இல் ஜப்பானியக் காடை இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஐந்து வாரங்களில் கறிக்கு ஏற்ற வளர்ச்சி பெறும் இப்பறவை பண்ணைத் தொழிலுக்குப் பொருத்தமாக அமைந்தது. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் நந்தனம் காடை என்ற வகையை உருவாக்கிப் பரப்பியது. இன்று செட்டிநாட்டு உணவகங்களில் பரிமாறப்படும் காடை பண்ணையில் வளர்ந்தது. கறிக்கோழிப் பண்ணைகளும் பெருகியதால், காட்டுக் கறியின் தேவை வெகுவாகக் குறைந்தது. சமையலின் பெயரும் சுவையும் நிலைத்தன. அதற்குப் பறவை கொண்டு வந்தவரின் பிழைப்பு நிலைக்கவில்லை.

நரிக்குறவரின் நிலை

நரியைப் போல் ஊளையிட்டு நரியை அருகில் வரவழைத்துப் பிடிக்கும் திறன் பெற்றிருந்ததால் நரிக்குறவர் என்ற பெயர் ஏற்பட்டது. நரி 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதலில் தீங்கு செய்யும் உயிர்களின் பட்டியலில் இருந்தது. பின்னர் பாதுகாக்கப்படும் இனமாக மாறியது. பறவை வேட்டையும் குற்றமானதால், இச்சமூகத்தார் ஊசி, பாசி, மணிமாலை விற்பனையை முழுமையாகச் சார்ந்திருக்க நேர்ந்தது. கோயில் திருவிழாக்களும் பேருந்து நிலையங்களும் அவர்களது சந்தையாயின.

தமிழ்நாடு அரசு 2008இல் நரிக்குறவர் நல வாரியத்தை அமைத்தது. நெடுங்காலக் கோரிக்கைக்குப் பின், 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் மூலம் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. வேட்டைக்கு முழுத் தடை வந்த 1991இலிருந்து கணக்கிட்டால் இதற்கு 31 ஆண்டுகள் ஆயின.

வேட்டங்குடி

திருப்பத்தூர் அருகிலுள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் வேறொரு பாதையைக் காட்டுகிறது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்ன கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்களைக் கொண்ட இது 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 38.4 ஹெக்டேர். நத்தைகொத்தி நாரை, அரிவாள்மூக்கன், வக்கா உள்ளிட்ட பறவைகள் இங்கு வந்து கூடு கட்டுகின்றன.

கூடுகளிலுள்ள குஞ்சுகள் அஞ்சும் என்பதால் இவ்வூர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவைகளின் எச்சம் கலந்த கண்மாய் நீர் வயலுக்கு உரமாகிறது. வேட்டையைத் தடுப்பதில் ஊராருக்கும் பயன் இருக்கும்போது காவலை ஊரே ஏற்றுக்கொள்கிறது என்பதற்கு இது சான்று.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

அமெரிக்காவிலும் 2011க்கும் 2016க்கும் இடையே வேட்டைக்காரர்கள் குறைந்தனர். அந்நாட்டு அரசின் கணக்கெடுப்புகளின்படி 2011இல் 1.37 கோடியாக இருந்த அவர்கள் எண்ணிக்கை 2016இல் 1.15 கோடியானது. நகரமயமாதல், வேட்டையாட இடமின்மை, இளையோரின் ஆர்வக் குறைவு ஆகியவை காரணங்களாகக் கூறப்படுகின்றன. அங்கு உரிமக் கட்டணமும், 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது பெறப்படும் வரியும் வனவிலங்குப் பாதுகாப்புக்கே செலவிடப்படுகின்றன. ஆகவே வேட்டைக்காரர் குறைந்தால் பாதுகாப்பு நிதியும் குறைகிறது. இந்தியாவில் அத்தகைய பிணைப்பு இல்லாததால், உரிமத்தை நீக்கியது நிதிச் சிக்கலை உண்டாக்கவில்லை. இங்கு எழுந்தது வாழ்வாதாரச் சிக்கல்.

இன்றைய நிலை

பாரி வேட்டைக் காலத்தில் வனத்துறை எச்சரிக்கை விடுத்துக் கண்காணிப்பை மேற்கொள்கிறது. திருப்பத்தூர், சிங்கம்புணரி பகுதிகளில் புள்ளிமான்கள் இன்றும் காணப்படுகின்றன. மறுபுறம், காட்டுப்பன்றிகளும் மயில்களும் நெல், நிலக்கடலைப் பயிர்களைச் சேதப்படுத்துவது உழவர்களின் தொடர்ந்த முறையீடாக உள்ளது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என அறிவித்தது. முன்பு உழவர் கையிலிருந்த கம்பும் வளரியும், பின்னர் உரிமம் பெற்றவர் கையிலிருந்த துப்பாக்கியும் செய்த பயிர்க் காவல் இன்று அரசின் பொறுப்பாகியுள்ளது.