கண் அசைய உலகம் அசையாமை

நாம் விழியைத் திருப்புந்தோறும் விழித்திரையில் விழும் உருவம் இடம் பெயர்கின்றது. எனினும், உலகம் நிலைபெயராது தோன்றுகின்றது. இஃது எவ்வாறு?

விழியைத் திருப்பும் முயற்சியை மூளை கணக்கிற் கொள்கின்றது என்றார் ஜேர்மனிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அவரது பெருநூல் 1867 இல் நிறைவுற்றது. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை இமையின்மேல் விரலால் மெல்லத் தள்ளினால் காட்சி அசையும். அங்கே விழி அசைந்தும் அம்முயற்சி இல்லை.

அக்கணக்கின் தடயம் 1983 இல் வெளிப்பட்டது. அமெரிக்க ஆய்வாளர் அண்டர்சனும் மவுண்ட்காசிலும் குரங்கு மூளையின் மேற்பின் பகுதியை ஆராய்ந்தனர். விழித்திரையில் ஒரே இடத்தில் ஒளி பட்டும், விழி நோக்கும் திசைக்கேற்பப் பல நரம்புக் கலங்களின் துலங்கல் வலுத்தும் மெலிந்தும் வேறுபட்டது. இத்தகைய கலங்கள் பல கூடிப் பொருளின் இடத்தை உணர்த்தவல்லன என்பதை 1988 இல் சிப்சரும் அண்டர்சனும் கணினி மாதிரியாற் காட்டினர்.

ஆகவே, காண்பது கண் மட்டுமன்று; கண் எத்திசை நோக்கி நிற்கின்றது என்பதை அறிந்த மூளையும் உடன் காண்கின்றது.