அரை அங்குலத் துளை

1996 ஜூலை 6, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம், பென்சகோலா விமான நிலையம். மதியம் இரண்டரை மணிக்குக் கொஞ்சம் முன்னால் டெல்டா நிறுவனத்தின் எம்.டி-88 விமானம் ஒன்று அட்லாண்டாவுக்குக் கிளம்புகிறது. 137 பயணிகள், 5 ஊழியர்கள். ஓடுபாதையில் இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறது. மேலே எழும்பவில்லை. பெரிதாக வேகம்கூடப் பிடிக்கவில்லை.

டமார்!

பைலட் உடனே விமானத்தை நிறுத்திவிட்டார். ஆனால், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எம்.டி-88 ரக விமானத்தில் எஞ்சின்கள் இறக்கைக்குக் கீழே இருக்காது. வால் பக்கம், உடம்பை ஒட்டினாற்போல ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருக்கும். இடது எஞ்சினுக்குள் ஏதோ உடைந்து, அந்தத் துண்டுகள் பீரங்கிக் குண்டு மாதிரி விமானத்தின் சுவரைப் பிய்த்துக்கொண்டு பின்வரிசைக்குள் பாய்ந்திருந்தன. ஒரு தாயும் அவருடைய மகனும் உட்கார்ந்த இடத்திலேயே இறந்துபோனார்கள். இன்னும் இரண்டு பேருக்குப் பலத்த காயம்.

புயல் இல்லை, மழை இல்லை, பறவை மோதவில்லை, பைலட் தூங்கவில்லை. பின்னே என்னதான் ஆச்சு?

விசாரணை அதிகாரிகள் உடைசல்களைப் பொறுக்கி எடுத்து ஆராய்ந்தார்கள். கடைசியில் அவர்கள் போய் நின்ற இடம், ஒரு துளை. அரை அங்குலத்தைவிடக் கொஞ்சூண்டு பெரிய துளை. விபத்துக்குப் பல வருடங்கள் முன்பு, கடல் தாண்டி ஸ்வீடன் நாட்டுத் தொழிற்சாலை ஒன்றில் போட்டது!

மாட்டு வண்டிச் சக்கரம் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஆரக்கால்கள் வந்து சேருகிற இடத்துக்குக் 'குடம்' என்று பெயர். ஜெட் எஞ்சினின் முன்னால் சுழலும் ராட்சத விசிறிக்கும் அப்படியொரு குடம் உண்டு. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும். அது உடைந்தால் தடுத்து நிறுத்த எஞ்சினின் உறையால் முடியாது. ஆகவே, 'இது உடையவே கூடாது' என்ற விதியோடு செய்யப்படும் பாகம். பென்சகோலாவில் உடைந்தது அதுதான். டைட்டானியக் குடம்.

டைட்டானியம் ஒன்றும் அபூர்வப் பொருள் அல்ல. நம் மணவாளக்குறிச்சி கடற்கரையின் கறுப்பு மணலிலேயே இருக்கிறது. 1791-ல் வில்லியம் கிரிகோர் என்கிற ஆங்கிலேயப் பாதிரியார் அதை முதலில் அடையாளம் கண்டதும் ஒரு கறுப்பு மணலில்தான். எஃகு அளவுக்கு உறுதி, எடையோ கிட்டத்தட்டப் பாதி, துருப் பிடிக்காது, சூடு தாங்கும். விமானம் கட்டுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? ஒரே ஒரு சிக்கல். அதை அறுக்க முடியாது. துளை போட முடியாது. போட்டால் கருவி செத்துவிடும்.

இந்தப் பாடத்தை வலிக்க வலிக்கக் கற்றுக்கொண்டவர்கள் லாக்ஹீட் நிறுவனத்தார். 1960-களின் தொடக்கம். பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரம். ஒலியைப்போல மூன்று மடங்கு வேகத்தில் பறக்கும் உளவு விமானம் வேண்டும் என்றது சி.ஐ.ஏ. அந்த வேகத்தில் காற்று உரசியே விமானத்தின் தோல் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியம் துவண்டுவிடும். எனவே, ஏறக்குறைய முழு விமானத்தையும் டைட்டானியத்தில் கட்ட முடிவு செய்தார் தலைமை வடிவமைப்பாளர் கெல்லி ஜான்சன். உலோகத்துக்கு எங்கே போவது? எந்த நாட்டை வேவு பார்க்கப் போகிறார்களோ, அந்த சோவியத் யூனியனிடமிருந்தே பினாமி கம்பெனிகள் வைத்து வாங்கினார்கள்!

வாங்கியாச்சு. வேலையைத் தொடங்கினால், டிரில் பிட் பதினேழு துளை போட்டதும் மழுங்கிப்போனது. விமானத்துக்கோ துளைகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். காட்மியம் பூசிய ஸ்பேனரால் முடுக்கிய போல்ட்டுகள் சூடு பட்டதும் தலை கழன்று விழுந்தன. கோடையில் வெல்டிங் செய்த தகடுகள் மட்டும் சீக்கிரமே பழுதாயின, குளிர்காலத்துத் தகடுகள் நன்றாக இருந்தன. இதென்ன கூத்து என்று தோண்டினால், கோடையில் ஊர்த் தண்ணீரில் பாசி பிடிக்காமல் இருக்கக் கூடுதலாகக் குளோரின் போடுகிறார்களாம். அந்தத் தண்ணீரில் கழுவிய டைட்டானியம் கெட்டுப்போகிறது. அப்புறம் காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவினார்கள். டிரில்லையும் புதிதாக வடிவமைத்து, நூறு துளைக்கு மேல் தாங்கும்படி செய்தார்கள். 1962-ல் ஏ-12 பறந்தது. 1964-ல் அதன் தம்பியான எஸ்.ஆர்-71.

டைட்டானியத்துக்கு ஏன் இத்தனை அடம்? ஏதாவது ஒரு லேத் பட்டறை வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இரும்பைக் கடையும்போது நீல நிறத்தில் சுருள் சுருளாக விழும். அந்த நீலம், வெட்டும்போது பிறந்த சூட்டின் அடையாளம். அதாவது, சூட்டில் பெரும்பகுதியைச் சுருளே தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. டைட்டானியம் அப்படி விடாது. சூட்டைக் கடத்துவதில் அது மகா கஞ்சன். விமானத்துக்குப் பயன்படும் டைட்டானியக் கலவை, சாதாரண எஃகு கடத்துவதில் சுமார் ஏழில் ஒரு பங்கைத்தான் கடத்தும். சூடு நகர வழியில்லாமல் கருவியின் கூர்முனையிலேயே தேங்கும். முனை மழுங்கும். மழுங்கிய முனை வெட்டாமல் தேய்க்கும். தேய்த்தால் இன்னும் சூடு!

போதாததற்கு, சூடான டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய இடம் கண்ணாடி மாதிரி கடினமாகி, லேசாக விரிசல் விடத் தயாராகிவிடும். அதனால்தான் இந்தத் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. மெதுவாகச் சுற்று, அழுத்தி வெட்டு, கூலன்ட் நிற்காமல் ஊற்று, நடுவில் தயங்கி நிற்காதே.

மறுபடி பென்சகோலாவுக்கு வருவோம். உடைந்த குடத்தில் விளிம்பைச் சுற்றி 24 பெரிய துளைகள். இடையிடையே 24 சிறிய துளைகள். பெரிய துளை ஒவ்வொன்றும் சுமார் மூன்று அங்குல ஆழம். குடத்தைச் செய்தது பிராட் அண்ட் விட்னி நிறுவனத்துக்காக ஸ்வீடனின் வால்வோ. இருபத்து நான்கில் ஒரே ஒரு துளையைக் குடையும்போது ஏதோ தப்பாகியிருக்கிறது. சுருள் வெளியேற முடியாமல் அடைத்துக்கொண்டதோ, கூலன்ட் போய்ச் சேரவில்லையோ, டிரில்லே உடைந்ததோ. சில நொடிகள்தான். அந்த ஓர் இடத்தில் சூடு 650 டிகிரியைத் தாண்டி, உலோகத்தின் குணமே மாறிவிட்டது.

அப்புறம் துளையைப் பெரிதாக்கி, வழவழவென்று மெருகேற்றினார்கள். அளவு பார்த்தார்கள். கனகச்சிதம். ஆனால், யாரும் நினைத்ததைவிட ஆழமாக அந்தக் காயம் உள்ளே இறங்கியிருந்தது. மெருகு அதைத் தொடவே இல்லை.

இதைப் பிடிக்க முதல் வாய்ப்பு, தொழிற்சாலையிலேயே கிடைத்தது. டைட்டானியத்தை ஒரு ரசாயனக் குளியலில் போட்டு எடுத்தால் நீலம் பூக்கும். கெட்டுப்போன இடம் மட்டும் வேறு மாதிரி தெரியும். சோதித்தவர்கள் அந்தத் துளையில் வித்தியாசத்தைப் பார்த்தார்கள், குறித்தும் வைத்தார்கள். 'இப்படி இருந்தால் நிராகரி' என்று சொல்லும் மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டார்கள். எந்தப் படத்தோடும் அது பொருந்தவில்லை. பொருந்தாததால் பாஸ்!

குடம் எஞ்சினில் ஏறியது. கிட்டத்தட்ட முதல் பயணத்திலிருந்தே மயிரிழை அளவில் விரிசல் வளரத் தொடங்கிவிட்டது. 1995 அக்டோபரில் இரண்டாவது வாய்ப்பு. டெல்டாவின் பணிமனையில் ஒளிரும் சாயத்தைப் பூசி, புற ஊதா விளக்கில் பார்த்தார்கள். அப்போது விரிசல் கண்ணில் படும் அளவுக்குப் பெரிதாகவே இருந்திருக்கும் என்கிறது விசாரணை அறிக்கை. ஆனாலும், தப்பிவிட்டது. எத்தனையோ குடங்களைப் பார்த்து, ஒன்றிலும் விரிசலே கண்டிராத கண்களுக்கு, 'இதிலும் இருக்காது' என்று தோன்றிவிடுவது மனித சுபாவம். இந்த மனநிலையையும் அறிக்கை சுட்டிக்காட்டியது.

அந்தக் குடத்துக்கு விதிக்கப்பட்ட ஆயுள் 20,000 பயணங்கள். உடைந்தது 13,835-ல்.

1998 ஜனவரியில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தீர்ப்பு சொன்னது. டெல்டா கண்டுபிடித்திருக்க வேண்டிய விரிசல், வால்வோவின் டிரில் உண்டாக்கிய காயம். அதன் பிறகுதான் தொழிலே யோசிக்கத் தொடங்கியது. முடிந்த பொருளை அளந்தால் மட்டும் போதாது, அது செய்யப்படும் நேரத்தையே கவனிக்க வேண்டும் என்று. 2006-ல் அமெரிக்க விமானத் துறையும் எஞ்சின் நிறுவனங்களும் சேர்ந்து வழிகாட்டி நெறிகளை வெளியிட்டன. துளை போடும்போது மெஷின் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது, கூலன்ட் தடையில்லாமல் பாய்கிறதா என்று தொடர்ந்து கண்காணிக்கச் சொன்னார்கள். டிரில் உடைந்தால், வேறொன்றை மாட்டிக் கமுக்கமாக வேலையைத் தொடரக் கூடாது. உடைந்ததைப் பதிவு செய்து, அந்தத் துளையைத் தனியாக ஆராய வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். உலோகத்துக்கு மறதி கிடையாது. தன்னை யார், எப்படி அறுத்தார்கள், எந்த நொடியில் சூடு ஏறியது என்பதையெல்லாம் உள்ளே எழுதி வைத்துக்கொள்கிறது. வெளியே வழவழப்பு, அளவு சுத்தம், கையெழுத்து போட்ட சோதனைச் சீட்டு, எல்லாம் சரி. ஒரு பட்டறையில் அந்தச் சில நொடிகளில் என்ன நடந்ததென்பது, அங்கே நிற்கிற தொழிலாளிக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் அதைப் பயமில்லாமல் வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா என்பதில்தான், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவரின் உயிர் இருக்கிறது.