செட்டிநாட்டு வீட்டு முகப்பு

செட்டிநாட்டு வீட்டு முகப்பு என்பது நாட்டுக்கோட்டை நகரத்தார் கட்டிய பெருவீடுகளில் தெருவை ஒட்டி அமைந்த முதற்பகுதி ஆகும். இவ்வீடுகள் சிவகங்கை மாவட்டத்தின் காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி முதலிய ஊர்களிலும், புதுக்கோட்டை மாவட்டத்தின் சில ஊர்களிலும் காணப்படுகின்றன. பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கட்டப்பட்டவை. பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் செய்து ஈட்டிய பொருளே இவற்றுக்கு முதலாயிற்று.

அமைப்பு

முழு அளவிலான வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்பன ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் அமையும். தலைவாசலில் நின்று பார்த்தால், கதவுகள் திறந்திருக்கும்போது, கொல்லைப்புற வாசல் வரை கண்ணுக்குத் தெரியும்.

முகப்பு தரைமட்டத்திலிருந்து நன்கு உயர்த்திக் கட்டப்படுகிறது. படிகளின் இருபுறமும் திண்ணைகள் உள்ளன. வந்தவரை வரவேற்பதும், கணக்குப்பிள்ளை அமர்ந்து கணக்கெழுதுவதும், கொடுக்கல் வாங்கல் பேசுவதும் இங்கேயே நடைபெற்றன. ஆகவே முகப்பைக் காவல் வாயில், அலுவலகம், விருந்தினர் கூடம் மூன்றும் சேர்ந்த இடம் எனலாம். குடும்பத்தின் சடங்குகளும் பெண்களின் புழக்கமும் நிலையைத் தாண்டிய உட்பகுதிக்கு உரியவை.

தலைவாசல் நிலை தேக்கு மரத்தால் ஆனது. அதன் மேற்பகுதியில் பெரும்பாலும் கஜலட்சுமி உருவம் செதுக்கப்பட்டிருக்கும். கைப்பிடிச் சுவரின் மேல் சுதைச் சிற்பங்கள் நிற்கும். தெய்வ உருவங்களுக்கு அருகிலேயே ஆங்கிலேயச் சிப்பாய்களின் உருவங்களையும் சில வீடுகளில் காணலாம். இது கட்டியவரின் பக்தியையும் அவருடைய வணிக உலகத்தையும் ஒருசேரக் காட்டுகிறது.

கட்டுமானப் பொருட்கள்

தூண்களுக்குப் பர்மாத் தேக்கும் கருங்கல்லும், தளத்திற்கு இத்தாலியச் சலவைக்கல்லும் பயன்பட்டன. பூக்கோலங்கள் கொண்ட ஆத்தங்குடி ஓடு உள்ளூர்த் தயாரிப்பாகும். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு இது உருவாக்கப்படுகிறது. சூளையில் சுடுவதில்லை, நீரில் ஊறவைத்தே இறுகச் செய்கின்றனர்.

சுவர்ப்பூச்சு தனிச்சிறப்புடையது. சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் ஆகியவற்றைப் பயன்படுத்திப் பல அடுக்குகளாகப் பூசி, இறுதி அடுக்கில் முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றுவர். இவ்வாறு மெருகிட்ட சுவர் பளிங்கு போல வழவழப்பாக இருக்கும்.

உடைமையும் சிதைவும்

திருமணமான ஒவ்வொரு மகனின் குடும்பமும் ஒரு புள்ளி எனப்படுகிறது. வளவைச் சுற்றிய அறைகள் புள்ளிகளுக்குத் தனித்தனியே உரியவை. முகப்போ அனைவருக்கும் பொது. இன்றைய அழிவுக்கு இதுவும் ஒரு காரணமாகும். தன் அறையின் ஓட்டை ஒருவர் தாமே மாற்றிக்கொள்ளலாம், ஆனால் முகப்பின் ஓட்டை மாற்றப் பங்காளிகள் அனைவரும் இசைய வேண்டும். தலைமுறைதோறும் பங்குகள் பெருகுகின்றன. பங்காளிகளோ பல நகரங்களிலும் நாடுகளிலும் வாழ்கின்றனர்.

1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், 1960களில் அங்கு நிகழ்ந்த தேசியமயமாக்கலும் வருவாயை முடக்கின. பல வீடுகள் பிரிக்கப்பட்டு, நிலைகளும் தூண்களும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விற்கப்பட்டன. பிரித்த நிலையை வேறிடத்தில் நிறுத்திவிடலாம், ஆனால் அந்தச் சுண்ணாம்புப் பூச்சைப் பெயர்த்துக்கொண்டு செல்ல இயலாது.

சில வீடுகள் தங்கும் விடுதிகளாக மாற்றப்பட்டுப் பராமரிக்கப்படுகின்றன. முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடொன்று மீண்டும் எழுப்பப்பட்டுள்ளது. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.